வீட்டில் இருக்கும் சாட்சி

சாட்சியச் சட்டத்தைக் கல்லூரியில் படிப்பதற்கு முன்பே, அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த் தோற்றவள் நான்.

காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்தை ஒட்டி ஒரு மணல்திட்டு. கட்டுமரம் ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் அங்கேதான். ஒரு கம்பெனி அதை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று முள்கம்பி போட்டது. குப்பத்தார் வழக்குப் போட்டார்கள். தோற்றால் வலையைக் கூரைமேல் போடலாம். கட்டுமரத்தை எங்கே வைப்பது?

பாத்தியத்துக்குப் பத்திரம் கிடையாது. அம்மாவின் மூத்த ஓரகத்தி சொன்ன ஒரு பேச்சுதான் இருந்தது. அம்மா கலியாணமாகி வந்த புதிதில், "இந்த மணலு எல்லாக் குப்பத்துக்கும் பொது. எவனையும் கேட்டுக்கினு வலை போட வேணாம்" என்றாராம் அந்தப் பெரியம்மா. பிறகு பிரசவத்தில் போய்விட்டார்.

குப்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வக்கீல் என்னிடம் விளக்கினார். பிறர் சொல்லக் கேட்டது பொதுவாகச் சாட்சியம் ஆகாது. ஆனால் ஊர்ப்பொது உரிமையைப் பற்றி, தகராறு வருவதற்கு முன்பே, விவரம் அறிந்த ஒருவர் சொல்லிவிட்டு இறந்திருந்தால் கோர்ட்டு அதை ஏற்கும். "அவங்க இறந்துட்டாங்கன்னு உங்கம்மா வாயால வரணும்."

அம்மாவிடம் சொன்னேன்.

"செத்துப்போச்சுன்னு நான் சொல்லணுமா? படிச்சிப் படிச்சி மூளை கலங்கிப்போச்சா உனுக்கு? வெள்ளிக்கெழம யாருக்குடி வெளக்கு ஏத்தறேன்?"

சுமங்கலியாகப் போன பெரியம்மாதான் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி. அவருடைய புடவை சாமி மூலையில் கூடைக்குள் இருக்கிறது. தெய்வத்தைச் செத்தது என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை.

கூண்டில் நின்ற அம்மாவிடம் கம்பெனி வக்கீல் கேட்டார்: "அந்த அம்மா இப்போ எங்கே?"

"வூட்லதான் கீது."

"அப்போ அவங்களையே கூட்டிவரலாமே?"

"நீ வேணும்னா வூட்டுக்கு வந்து கும்புட்டுக்கினு போ, சார்."

கோர்ட்டே சிரித்தது. உயிரோடு இருப்பவரின் பேச்சை இவள் வாயால் ஏற்கக்கூடாது என்றார் கம்பெனி வக்கீல். எங்கள் வக்கீலின் பின்னால் போய், "பெரியம்மாவுக்கு முதல் படையல் எப்போ போட்டாங்கன்னு கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். அம்மா முகம் மலர்ந்தது.

"அதோ நிக்கறாளே, என் பொண்ணு, அவ கைக்கொழந்தை. மடியில போட்டுக்கினுதான் மாவெளக்கு ஏத்தினேன். கம்பெனிய அப்போ யாரு கண்டா?"

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "எங்கள் வீட்டிலும் சுமங்கலிக்குப் புடவை வைப்பதுண்டு" என்றார். பிறகு, தகராறுக்கு முன்பே காலமானவர் என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "இன்னாடி எழுதினாரு?"

"பெரியம்மா பேச்சை ஒத்துக்கினாரு."

"ஒத்துக்காம?"

தீர்ப்பு வந்து கம்பியைப் பிடுங்கிய அன்று மணலெங்கும் வலைகள் விரிந்தன. அம்மா கூடைப் புடவையை அலசிக் கொண்டுவந்து, எங்கள் வலைக்குப் பக்கத்தில் உலர்த்தினாள். யாரையும் கேட்கவில்லை.