செவ்வாயும் வெள்ளியும்

கமலநாயகி வீட்டைவிட்டு வெளியே போகக்கூடிய நேரம் கிழமைக்கு நாலு மணித்தியாலம். செவ்வாய் காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை, வெள்ளியும் அப்படித்தான். அந்த நேரத்தில் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து யெலேனா என்ற பெண் வந்து ஆனந்தராசாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். மற்ற நேரமெல்லாம் ஸ்டுட்கார்ட்டில், லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், புருசனும் மனைவியும் மட்டும்.

நாலு வருசத்துக்கு முதல் ஆனந்தராசாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அதுவரைக்கும் கமலநாயகி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவள். அவரைப் பார்க்க ஆளில்லை என்று வேலையை விட்டாள். ஒரே மகள் கம்சனா டிரெஸ்டனில் குடும்பமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள்.

யெலேனா வரத் தொடங்கிய முதல் கிழமை, கிடைத்த இரண்டு மணித்தியாலத்தை என்ன செய்வது என்று கமலநாயகிக்குத் தெரியவில்லை. தெருவில் நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கின இடம் ஒரு தேவாலயம் நடத்துகிற பழைய சாமான் கடை. சனங்கள் வேண்டாமென்று கொடுப்பதை மலிவாக விற்று, வருகிற பணத்தை வீடற்றவர்களுக்குச் செலவழிக்கிற கடை. எங்கடை தமிழ் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை, போனாலும் சொல்வதில்லை. அவளும் மழை விடும் வரைக்கும்தான் என்று உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. நாலு யூரோ. பொத்தான் ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை.

உடுப்பில் தைத்திருக்கிற கொம்பனிப் பெயரை அவள் பார்ப்பதில்லை. துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்ப்பாள், கண் வேறெங்கோ இருக்கும். சுத்தக் கம்பளியா, கலப்பா என்று விரல் சொல்லிவிடும். உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். காற்சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து முழங்காலில் துணி மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். எந்தக் கறை போகும், எது சாகும்வரை போகாது என்பது இருபத்திரண்டு வருசப் படிப்பு. மற்றவர்கள் கறையைக் கண்டு விட்டுப்போன உடுப்புகளை அவள் எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு நாள் ஊறவைத்துப் புதிதாக்கினாள்.

ஆனால் எடுத்ததெல்லாம் என்ன? மழைக்குப் போடுகிற நல்ல ஜாக்கெட். மலையேறுகிறவர்கள் போடுகிற சப்பாத்து, அடித்தோல் தேயாதது. சில்லு வைத்த சின்னச் சூட்கேஸ். ஒரு நீச்சலுடை, விலைச்சீட்டுகூடக் கழற்றப்படாதது. எதையும் அவள் மேலே வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நிலவறையில் அவர்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அங்கே அடுக்கினாள். சலவை இயந்திரமும் அங்கேதான் இருந்தது. அது ஓடுகிற நேரத்தில் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிலவறை நடையில் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடப்பாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு உடுப்புக்கூடையோடு மேலே ஏறுவாள்.

"இவ்வளவு நேரம் என்ன செய்தனீர்?" என்று ஆனந்தராசா கேட்பார்.

"மெஷின் முடியவேண்டாமே?"

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஒரு கோட்டின் கைத்தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கடைப் பொறுப்பாளர் கெஸ்லர் அம்மா பக்கத்தில் வந்தார்.

"நீங்கள் எடுப்பதை இரண்டு வருசமாகப் பார்க்கிறேன்," என்றார் ஜெர்மனில். "எங்கள் ஆட்கள் நல்லதைக் குப்பையில் போட்டுவிட்டுக் குப்பையைத் தொங்கவிடுகிறார்கள். பின்னறையில் உடுப்புப் பிரிக்க ஆள் வேண்டும். அரைநேர வேலை, சம்பளம் உண்டு. வருகிறீர்களா?"

கமலநாயகி கையிலிருந்த கோட்டைத் திரும்பத் தொங்கவிட்டாள். ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆனந்தராசாவுக்குச் சூப் பருக்கும்போது சொன்னாள். அவள் வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் அவர் கேட்டார்.

"அப்ப என்னை ஆர் பாக்கிறது?"

"யெலேனாவை இன்னும் கொஞ்ச நேரம் வரச்சொல்லிக் கேக்கலாம்."

"அவள் தாறது எனக்கு இறங்காது. நீர் போறதெண்டால் போம். நான் இப்பிடியே கிடக்கிறன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அடுத்த செவ்வாய் கெஸ்லர் அம்மாவிடம், "என்னால் வர முடியாது," என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

கெஸ்லர் அம்மா நல்ல மனுசி. யோசித்துவிட்டு, "அப்படியென்றால் உடுப்பு மூட்டைகளை உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறேன். பிரித்து வையுங்கள், வந்து எடுக்கிறோம்," என்றார். கமலநாயகி ஓமென்று தலையாட்டினாள். உதவியென்றுதான் நினைத்தாள்.

மூட்டை ஏற்றிக்கொண்டு கடை வான் வருகிற நாட்களாகச் செவ்வாயும் வெள்ளியும்தான் அமைந்தன. எட்டு மூட்டை, பத்து மூட்டை. வழிநடை நிறைந்தது, பிறகு இருக்கையறையின் பாதி நிறைந்தது. யெலேனா வந்திருக்கிற இரண்டு மணித்தியாலமும் கமலநாயகி வான் வரும்வரை காத்திருந்தாள், இல்லையென்றால் நிலத்தில் குந்தியிருந்து மற்றவர்களின் காற்சட்டைகளைப் பிரித்தாள். வீட்டில் ஊத்தை உடுப்பு மணம் ஏறியது. யன்னலுக்குப் போகவும் மூட்டையைத் தாண்டவேண்டியிருந்தது.

ஆனந்தராசா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சு," என்றார். "இனி நீர் ஒரு இடமும் போகத் தேவையில்லை."

உண்மையாகவே சந்தோசமாகச் சொன்னார். கமலநாயகி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று கிழமையாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வெள்ளி வான்காரன் மணியடித்தபோது, "இறக்கவேண்டாம், இருக்கிறதையும் கொண்டுபோங்கள்," என்றாள். நாலு மாடியும் அவளே அவனோடு சேர்ந்து மூட்டை இறக்கினாள். கீழே தெருவில் நின்றபடியே கெஸ்லர் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். "செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணித்தியாலம் வருவேன். அதற்கு மேலே ஏலாது. பரவாயில்லையா?" பரவாயில்லை என்றார் அவர்.

மேலே வந்து புருசனிடம் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போறன். பத்தரைக்கு யெலேனா சாப்பாடு தருவாள்."

"நான் சாப்பிடமாட்டன்."

"சரி. பன்னிரண்டுக்கு நான் வருவன்."

சொன்னபடியே அவர் சாப்பிடவில்லை. அவள் திரும்பி வந்தபோது புட்டும் கறியும் மூடினபடி இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.  அவள் சூடாக்கி ஊட்டினாள். வெள்ளியும் அதேதான். அடுத்த செவ்வாய் கடைப் பின்னறையில் நிற்கும்போது, அவர் சாப்பிட்டாரா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்தாள். கேட்கவில்லை. ஒரு பட்டுச் சட்டையைக் குப்பைப் பெட்டியிலிருந்து மீட்டு நல்ல பக்கம் போட்டாள்.

நாலாம் கிழமை யெலேனா வாசலில் வைத்து, "பாதித் தயிர் சாப்பிட்டார். என்னைத் திட்டிக்கொண்டுதான்," என்றாள்.

இப்போது ஐந்து மாதமாகிறது. ஆனந்தராசா யெலேனாவின் கையால் சாப்பிடுகிறார், ஆனால் கமலநாயகி வந்த பிறகு பசிக்குது என்று இன்னொருதரமும் கேட்பார். மற்ற நாட்கள் எல்லாம் முன்னைப் போலத்தான்: நாலாம் மாடி, மருந்து, துடைப்பு, சூப். சூட்கேஸ் கீழேதான் இருக்கிறது. சப்பாத்தை மட்டும் எடுத்துவிட்டாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். நாள் முழுக்க நிற்பவர்களுக்கு நல்லதாம் என்று புருசனிடம் சொன்னாள்.

"நீர் எங்கை நாள் முழுக்க நிக்கிறனீர்?" என்றார் அவர்.

அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.