ஜன்னலடித் தட்டு

அத்தையின் உயிர் கோதுமைப்புல்லில் இருக்கிறது என்று நான் நம்பிய வருடம் அது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கட்டிக்கு வைத்தியம் பார்த்து, முடியெல்லாம் கொட்டி, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தாள் அப்பாவின் தங்கை. இரும்புக் கம்பெனியில் அப்பாவோடு ஷிப்டு பார்க்கும் யாரோ சொன்னார்கள், கோதுமைப்புல் சாறு குடித்தால் தேறிவிடுவாள் என்று. அன்று மாலையே பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன, மண் வந்தது, ஊறவைத்த கோதுமை வந்தது. ஒரு வாரத்தில் வீட்டைச் சுற்றி, அத்தையின் ஜன்னலடி வரை, பச்சை, பச்சை.

பிறகு ஜன்னலடித் தட்டு மட்டும் மஞ்சளானது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிவிட்டு ஓடிவந்தால் அத்தையைப் பார்க்குமுன் அதைத்தான் பார்ப்பேன்.

"கம்பெனிப் புகை படுது, வேற இன்னா?" என்றாள் அம்மா.

"மத்த தட்டெல்லாம் வேற ஊர்லயா கீது?" என்று அப்பா ஒரு கொத்தைப் பிடுங்கினார். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. வெள்ளையாய் இருக்கவேண்டிய வேர் பழுப்பாய், கொழகொழவென்று, நாற்றத்தோடு. "யாரு இவ்ளோ தண்ணி ஊத்திக்கினே கீறது?"

"என்னிய ஏன் பாக்குற?" என்றாள் அம்மா. நானில்லை என்று அழுதேன்.

அழுகியதைக் கொட்டினார். ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டின் அடியில் ஓட்டைகள் போட்டார். மணல் கலந்த புது மண், நெருக்காமல் விதை, கையால் தெளிக்கும் தண்ணீர். பச்சை வந்தது, எனக்குப் பசியும் வந்தது. கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சள்.

ஒருநாள் காலை அப்பாவும் நானும் வேலியோரம் நின்றிருந்தோம். ஜன்னல் கம்பிகளுக்கிடையே அத்தையின் மெலிந்த கை வந்தது. அதில் அம்மா சற்றுமுன் கொடுத்த டம்ளர். சாறு முழுவதையும் நிதானமாகத் தட்டில் ஊற்றியது. டம்ளரைத் தண்ணீர்விட்டு அலசி, அதையும் ஊற்றியது. பிடிக்காத பாலை நான் கொட்டுவதுபோலத்தான் என்று எண்ணினேன்.

அப்பா கத்தப்போகிறார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கத்தவில்லை. உள்ளே போனார்.

"குடிச்சிட்டியாம்மா?"

"குடிச்சிட்டேண்ணா. பச்ச வாடதான். ஆனா தெம்பா கீது."

மறுநாள் மற்றத் தட்டுகளை எல்லாம் கொல்லைக்கு மாற்றினார். அந்த ஒன்றை மட்டும் கீழே செங்கல் அடுக்கி, ஜன்னலுக்கு இன்னும் கிட்டே உயர்த்தி வைத்தார்.

"அது வீணாப் போவுதேப்பா."

"அங்கியே இருக்கட்டும்" என்றார், முகத்தைக் காட்டாமல்.

வேருக்குச் செய்த வைத்தியம் அவருக்கு மறந்துபோய்விட்டது என்று பயந்தேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்து, தட்டின் ஓட்டைகளைக் குத்திக் குத்தித் திறந்துகொண்டிருந்தேன், அத்தை பிழைக்கவேண்டுமே என்று.