மஞ்சள் அட்டைக்கு மார்ச் வரைதான் உயிர்

மேனேஜர் பேசும்போது இரண்டு கைகளையும் வயிற்றுக்கு மேல் கோத்து வைத்துக்கொண்டு தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வார். யாரையும் அவர் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. குழாய் ரிப்பேருக்கு வருகிறவரையும் "வாங்க" என்பார். குளத்தில் பாசி தேய்க்கும் பெண்களையும் "சாப்டீங்களா அம்மணி?" என்று விசாரிப்பார். கோயமுத்தூர் மரியாதை என்று நாம் ஊரெல்லாம் பெருமை பேசுகிறோமே, அதை வைத்தே ஒரு மனிதனின் கழுத்தை எப்படி அறுக்கலாம் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஊருக்கு வெளியே ஒரு மில் முதலாளி சறுக்குகளும் அலைக்குளமும் வைத்துத் தீம் பார்க் கட்டியிருந்தார். டிகிரி முடித்த கையோடு நான் அங்கே பாஸ் கவுன்டரில் சேர்ந்தேன். அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான். மேனேஜர் அதே முதலாளியின் மில்லில் காலமெல்லாம் கணக்கு எழுதிவிட்டு வந்தவர். அவருக்கு வருடம் என்றால் ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிவது. பஞ்சு மூட்டைக்கு வைத்திருந்த வருடத்தையே விளையாட வருகிற பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டார். வருடப் பாஸ் ஒரு மஞ்சள் அட்டை. போட்டோ ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்போம். 'ஓராண்டு அனுமதி' என்று அச்சடித்திருக்கும். எந்தத் தேதி வரை என்று எங்கேயும் இருக்காது. ஏப்ரல் முதல் தேதி அட்டை நீலமாக மாறிவிடும். அதன் பிறகு மஞ்சளோடு வருகிறவர், மார்ச் கடைசி வாரத்தில் வாங்கியிருந்தாலும் சரி, கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

சேர்ந்த வாரமே கேட்டேன். "ஏனுங்க சார், ஜனவரில வாங்கறவங்ககிட்ட மூணு மாசந்தான் செல்லும்னு சொல்லிரட்டுங்களா?"

"ஒரு வருசம்னு அட்டையிலயே போட்டிருக்குதுங்க. நீங்களும் அதையே சொல்லுங்க அம்மணி. மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க."

நானும் அதையே சொன்னேன். முதல் தடவை நாக்கு கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். தாராபுரம் பக்கம் ஊர். வடக்கே லோடு கொண்டு போகிறவர். வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் வீடு தங்குவாராம். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு மகள்களின் பள்ளிக்கூடப் போட்டோவை எடுத்து வைத்தார். போட்டோ கசங்காமல் இருக்க ஒரு நோட்டு அட்டைக்குள் வைத்திருந்தார். "மொதத் தடவ நாந்தானுங்க கூட்டியாரணும். அப்பறம் அவுங்க மாமன் கூட்டியாந்துக்குவாரு. ஆனா நான் மறுக்கா ஊட்டுக்கு வாரதுக்கு மே மாசமாயிருமுங்க. அப்ப செல்லுமுங்களா அம்மணி?"

"செல்லுமுங்கண்ணா. ஒரு வருசமுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சொன்ன மாதிரியே மே மாதம் வந்தார். பெரியவளுக்குப் பன்னிரண்டு இருக்கும், சின்னவளுக்கு எட்டு. தலை வாரி ரிப்பன் கட்டி, ஒயர் கூடையில் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வாட்ச்மேன் மஞ்சளைப் பார்த்ததும் அவர்களைக் கவுன்டருக்குத் திருப்பி அனுப்பினார். தூரத்திலேயே எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அறையிலிருந்து வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. வெயில்ல அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மொதல்ல கண்ணுகளுக்குத் தண்ணி குடுங்க." தண்ணீர் வந்தது. பிள்ளைகள் குடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "வருசம் மார்ச்சோட முடிஞ்சு போச்சுங்களே" என்றார்.

"வாங்கி நாலு மாசந்தானுங்க ஆச்சு. மே மாசம் செல்லும்னு இந்த அம்மணிதானுங்க சொன்னாங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா அம்மணி? நீங்களா சொன்னீங்க?"

ஆமாம், நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "இல்லைங்க சார். மார்ச்சுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

"பாத்தீங்களா? ராப்பகலா வண்டி ஓட்டறவரு, மறந்திருக்குமுங்க. தப்பில்லீங்க" என்று அவருக்கு ஆறுதல் வேறு சொன்னார் மேனேஜர். அடப்பாவி! திட்டியிருந்தால்கூட அந்த மனிதர் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எவன் சண்டைக்குப் போவான்?

சின்னவள் அப்பாவின் கையை உதறினாள். "எப்பவும் இப்பிடித்தான் பொய் சொல்லுவீங்க. தீவாளிக்கும் வாரேன்னு சொன்னீங்க. நீங்க வரவேயில்லை."

"டிக்கெட்டு எடுத்துப் போலாம், வா கண்ணு" என்றார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டி, அக்காவை இழுத்துக்கொண்டு எதிரிலிருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். மேனேஜரும் தம் அறைக்குத் திரும்பிவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

டிரைவர் மட்டும் மறுபடி கவுன்டருக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. உங்களுக்கு என்ன சங்கடமோ, நான் அதைக் கேக்கலை. பாஸு போனாப் போவுதுங்க. சின்னவகிட்ட மட்டும் வந்து, உங்கப்பா பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க அம்மணி. நான் ஊட்டுல இருக்கறதே பத்து நாளுங்க. மத்த நாளெல்லாம் என்ற பேச்சை நம்பித்தானுங்க அந்தப் புள்ள இருக்குது."

பஸ் ஸ்டாப் ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். நான் திறந்திருந்த கதவைப் பார்த்தேன். "கவுன்டரை உட்டு வரக் கூடாதுங்கண்ணா" என்றேன்.

"சரிங்க அம்மணி. வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஜனவரியில் வந்தவர்களிடமும் பிப்ரவரியில் வந்தவர்களிடமும் ஒரு வருடம் என்றே சொல்லி நீலமும் பச்சையும் விற்றேன்.

மேனேஜர் போன வருடம் காலமாகிவிட்டார். தங்கமான மனுசன், யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை என்று பழைய ஆட்கள் போனில் உருகினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சை முடிக்காமலே வைத்துவிட்டேன். என் வாயில் பொய்யைத் திணித்தவர் அவர்தான். ஆனால் அந்த டிரைவர் திரும்பி வந்து கேட்டபோது மேனேஜர் என் பக்கத்தில் நிற்கவில்லை, என்னை மிரட்டவுமில்லை. இந்த ஆத்திரத்தை நான் இனி யார்மேல் கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தச் சின்னவளுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். அவள் பெயர் அட்டையில் நான்தான் எழுதினேன். அதுகூட எனக்கு நினைவில்லை. கண்ணு, உங்க அப்பா பொய் சொல்லலை. மே மாசம் செல்லும்னு சொன்னது நான்தான். சொல்லவே இல்லைன்னு சொன்னதும் நான்தான்.