கறுப்பிக்குக் கண்ணாடி போட்ட தொழிற்சாலை

பால்காரம்மாவின் சொத்து மொத்தமும் கறுப்பி என்ற பசுதான். கரி மாதிரிக் கறுப்பு, நாலே வயசு. மகளின் நர்சிங் படிப்பு அந்த மடியை நம்பித்தான் நடந்தது. கணவரின் சம்பளம் எங்கே போகிறது என்று கேட்கக்கூடாது. வீங்கிய கால் கட்டைவிரலின் வைத்தியத்துக்கே அது போதவில்லை.

கணவருக்கு வேலை, மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய உலையில். மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாதுவை அங்கே வறுக்கிறார்கள். "இரும்பு கஞ்சியா உருகுற சூட்டுலகூட இது இளகாது, தெரியுமா?" என்று சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோலப் பெருமைப்படுவார். பெருமை நியாயம்தான். எஃகில் கொஞ்சம் சேர்த்தால் குழாயும் துளைக்கருவியும் காலத்துக்கும் உழைக்கும். நம் உடம்புக்கும் அது துளி வேண்டும், அவரைச் செடிக்கும் துளி வேண்டும். 'துளி' என்ற சொல்லைக் கேள்விப்படாதது புகைக்கூண்டு மட்டும்தான். அது தூசியைத் தாராளமாகப் புல்மேல் இறக்கியது.

மழைக்காலம் முடிந்ததும் கறுப்பி தண்ணீர் தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. பிறகு நிறம் போயிற்று. உடம்பு துருப்பிடித்த தகரமானது. கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்து, கண்ணாடி போட்ட தலைமையாசிரியை மாதிரி முறைத்தது. பால் பாதியாகிவிட்டது.

பால்காரம்மா தொழிற்சாலையின் மக்கள் நல்லுறவு அதிகாரியிடம் போனாள்.

"வயசாகுதும்மா. என் தலையைப் பாருங்க, எனக்கும் நரைச்சுப்போச்சு."

"அதுக்கு நாலு வயசு சார். உங்களுக்கு?"

அதிகாரி சிரித்தார். சிரிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மண்ணில் அமிலம் கூடிப் புளித்திருக்கும் என்று தாமே தீர்ப்புச் சொல்லி, ஒரு லாரி சுண்ணாம்புத் தூளை இலவசமாக அனுப்பினார். அவளும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நன்றியோடு நிலம் முழுக்கத் தூவினாள். புல் தளதளவென்று வந்தது. அதைத் தின்ற கறுப்பி, எழுந்து நிற்கவே தள்ளாடியது.

மாட்டு டாக்டரம்மா ரத்தம் எடுத்துச் சோதித்தார். "தாமிரம் அடிமட்டத்துல இருக்கு. புல்லுல ஏறின மாலிப்டினம், வயித்துக்குள்ள தாமிரத்தைச் சேரவிடாமக் கட்டிப்போட்டுடுது. ஆமா, நிலத்துல சுண்ணாம்பு போடச் சொன்னது யாரு?"

"கம்பெனிதான் சும்மா குடுத்துச்சு."

"சும்மாவா! சுண்ணாம்பு போட்டா புல்லு அதை இன்னும் நல்லா உறிஞ்சுமே! பந்தி வச்சுப் பரிமாறின மாதிரி ஆச்சு!"

"ஐயோ, என் கையாலயே தூவினேனே!"

"மயில்துத்தம் தரேன், அதுல தாமிரம் இருக்கு. நான் சொல்ற அளவு மட்டும் குடுங்க, கூடினா அதுவும் விஷம். அந்தப் புல்லு வேண்டாம், வெளித் தீவனம் போடுங்க."

கணவர் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எனக்கும் ஒரு ஊசி குத்திப் பாருங்க டாக்டரம்மா. நானும் இவ கட்டிப்போட்ட ஜீவன்தான். இந்த வீக்கமும் அதனாலயா?"

"இருக்கலாம்னு சந்தேகப்படறாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. மனுஷ டாக்டரைப் பாருங்க."

சில வாரங்களில் கறுப்பியின் கழிச்சல் நின்றது, மயிர்க்கால்களில் கறுப்பு எட்டிப் பார்த்தது. உடனே தொழிற்சாலை நோட்டீஸ் அடித்தது: 'எங்கள் சுண்ணாம்பால் பிழைத்த பசு!' இரண்டாவது லாரியும் புகைப்படக்காரரும் அதிகாரியோடு வந்து இறங்கினார்கள்.

பால்காரம்மா லாரிக்குக் குறுக்கே நின்றாள்.

"நல்லதுதானேம்மா செய்யறோம்!"

"நல்லது செய்யணும்னா புகைக்கூண்டுல வடிகட்டி மாட்டுங்க சார்! மாட்டைச் சாகக் கிடத்திட்டு, படம் வேற புடிக்க வந்துட்டீங்களா?"

"வடிகட்டிக்கு மேலிடம் சம்மதிக்கணும். நாலு கூட்டம் போடணும்."

லாரி ஓட்டுநர் தலையை நீட்டினார். "அக்கா, சண்டை அப்புறம். இதை எங்கதான் கொட்டறது?"

"ஆபீசர் வீட்டு வாசல்ல கொட்டுங்கண்ணே. அங்க மேயறதுக்கு மாடு இல்லை."

ஓட்டுநர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர். யாருடைய கட்டளைக்கு என்பதில்தான் அன்று சிறு குழப்பம். அதிகாரி வீட்டு வாசலில் குவிந்த சுண்ணாம்பைப் புகைப்படக்காரரும் கடமை தவறாமல் படம் பிடித்தார்.

வாசலைச் சுத்தம் செய்ய மேலிடத்தின் சம்மதம் அரை மணியில் கிடைத்தது. வடிகட்டியைப் பற்றி இன்னும் ஆழ்ந்து யோசிக்கிறார்களாம். கறுப்பி இன்றைக்கும் விலைக்கு வாங்கிய தீவனத்தில்தான் உயிர் வாழ்கிறது.