மூன்றாவது வரிசை

என் அக்கா ஞானஜோதி தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடம் புவியியல் நடத்தினாள். ஊரப்பாக்கத்தில் வீடு. பல் பிடுங்குவது, வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று எல்லாவற்றையும் மே லீவுக்குத் தள்ளிவைப்பாள்.

அவள் கணவர் லாசரஸ் கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். அங்கே, மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரை அடக்கம் செய்தோம். கடலிலிருந்து மூன்றாவது வரிசை. அவர் பக்கத்திலேயே தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர அக்கா யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

வருடா வருடம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குப் போவோம். லாசரஸின் தம்பி டெனிஸ் முதல் நாளே சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார். அக்கா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அங்கிருந்து அலை வரைக்கும் காலடி எண்ணுவாள். முதல் வருடம் தொண்ணூறு. ஆறாவது வருடம் நாற்பத்தொன்று. ஏழாவது வருடம் முதல் வரிசையே இல்லை.

“இன்னா அண்ணி, இன்னும் எண்ணிகினே கீறீங்க? அண்ணனை உங்க ஊருக்குத் தூக்கிகினு போயிடுங்க.”

“கடல் மட்டம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் ஏறுது டெனிஸ்.”

“அது உங்க கிளாஸ்ல வந்து படிச்சுதா?”

அக்கா குனிந்து மணலில் கோடு போட்டுக் காட்டினாள். கரை தட்டையாக இருந்தால், மட்டம் கொஞ்சம் ஏறினாலும் புயல் அலை வெகுதூரம் உள்ளே வரும். அவளுக்கு எல்லாம் தெரியும்.

தாம்பரம் பங்குத்தந்தையிடம் பேசி, அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் வாங்கினாள். எலும்பை எடுக்க அனுமதியும் வந்துவிட்டது. உடனே எடுத்துவிடலாம் என்றார் டெனிஸ். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“மே லீவுல நிதானமாப் பண்ணலாம். அவர் எங்க போயிடப் போறாரு?” என்றாள் அக்கா. நானும் சரி என்றேன்.

டிசம்பர் புயலில் இரண்டு நாள் அலை அடித்தது. நாங்கள் போனபோது மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் மணல் சரிந்து கிடந்தது. டெனிஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினார். உடைந்த சிலுவை ஒன்று கிடைத்தது. அது வேறு யாருடையதோ.

அடுத்த கல்லறைத் திருநாளில் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து நாலாவது வரிசையோடு நின்றுவிட்டார்.

“இன்னும் ஒரு வரிசை இருக்கு ஃபாதர்,” என்றாள் அக்கா. அவர் அலையை நோக்கித் தெளித்தார்.

“கடல்ல தண்ணி பத்தலியா அண்ணி?” என்றார் டெனிஸ். அக்கா சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்த மார்ச்சில் அவளும் போய்விட்டாள். தாம்பரத்தில் வாங்கிய இரண்டு இடத்தில் ஒன்றில் அவளை வைத்தோம். போன வாரம் பங்கு அலுவலகத்திலிருந்து, பக்கத்து இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். டெனிஸுக்குப் போன் செய்தேன்.

“குடுத்துடு ஜோவிதா. காலியாக் கெடந்தா அண்ணி அதையே பாத்துகினு இருப்பாங்க.”

கொடுத்துவிட்டோம். நாளைக் காலை அங்கே படப்பையைச் சேர்ந்த ஒரு தையல்காரரை அடக்கம் செய்கிறார்கள்.