மாமன் வராத வரைக்கும் சின்னப் பெண்

வயது என்பது பிறப்பதால் வருவதில்லை. யாராவது ஒருவர் முடிவு செய்து சொல்வதால் வருவது. காரைக்காலில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகவும், அங்கிருந்த சாரணியர் படைக்குப் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில் நான் இதைப் புரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்களை ஆளும் ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு மாநிலம் கிடக்கிறது. எல்லையில் இருக்கும் பூவம் கிராமத்தைத் தாண்டினால் தமிழ்நாடு; சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் கடந்தால்தான் மறுபடி புதுச்சேரி. அதனால் எந்தச் சுற்றறிக்கையும், அதற்குப் பதில் அனுப்ப வேண்டிய கடைசித் தேதி போன பிறகுதான் எங்களிடம் வந்து சேரும். இது அதிசயமாக முன்னாலேயே வந்துவிட்டது.

சாரணியர் பாடத்திட்டத்தை மாற்றியிருந்தார்கள். படிகளுக்குப் புதிய பெயர்கள். முடிச்சுகளும் முதலுதவியும் சுருங்கி, சமூக விழிப்புணர்வு என்று ஒன்று நீண்டிருந்தது. அது என்னவென்று அதை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. பெரிய பெண்கள் கவுனுக்குப் பதிலாகக் கருநீல சல்வார் கமீஸ் அணியலாம் என்று ஒரு சலுகை. எங்கள் ஊரில் அப்போது அந்த உடுப்பை யாரும் போட்டதில்லை என்பதால் அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரிக்க முடியாத வரி அதற்கு அடுத்து இருந்தது. இரண்டாம் படித் தேர்வுக்கு இனிமேல் பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும்.

என் படையில் மிகத் திறமையான பெண்ணுக்கு வயது பதின்மூன்று. திருநள்ளாறு போகும் சாலையில் ஒரு கிராமம், நெல் விவசாயக் குடும்பம். மற்றவர்கள் கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூங்கிலையும் ஒரு கயிற்றையும் வைத்துத் தூக்குப் படுக்கை கட்டி முடித்து, அதில் யாரைப் படுக்க வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பழைய திட்டத்தில் எல்லாச் சோதனைகளையும் முடித்திருந்தாள். புதுச்சேரி முகாமில் கடைசித் தேர்வு மட்டும் பாக்கி. அதைத் தவறவிட்டால் பழைய திட்டம் மூடிவிடும். பாவாடை சட்டைச் சிறுமிகளோடு முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தொடங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு தடவை விட்டுப்போனது திரும்பக் கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

தபால் நிலையத்திலிருந்து தலைமையகச் செயலாளருக்கு டிரங்க் கால் போட்டேன். அந்தக் காலத்து டிரங்க் காலில் ரகசியம் பேச முடியாது, கத்த வேண்டும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வழக்கைக் கேட்டார்கள்.

"பதினாலு ஆகலீன்னா சேத்துக்க முடியாதுங்க" என்றார் செயலாளர்.

திட்டம் நடுவில் மாறினால், ஏற்கெனவே தொடங்கியவர்கள் பழைய விதிப்படியே முடிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு எப்போதும் இருக்கும், இதிலும் இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் இல்லை என்றார்.

"பின்பக்கத்தத் திருப்பிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

காகிதம் சரசரப்பது கேட்டது. அவர் அனுப்பிய சுற்றறிக்கையை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறார் என்று நினைக்கிறேன்.

"சரி, அனுப்புங்க. ரொம்பச் சின்னப் புள்ளையா இருந்து அழுதா நான் பொறுப்பில்ல" என்றார்.

இந்த வெற்றியை அவளிடம் சொல்லக் காத்திருந்தேன். அவள் பள்ளிக்கு வரவில்லை. தோழிகளைக் கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தினார்கள். விஷயம் விளங்கிவிட்டது. வார இறுதியில் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா வாசலில் புழுங்கல் நெல்லைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா கொட்டகையில், ஏற்கெனவே கட்டியிருந்த கன்றுக்குட்டியை மறுபடி கட்டினார். பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள். காது மட்டும் எங்களோடு இருந்தது.

"அவ இனிமே வர மாட்டா டீச்சர். பெரியவளாயிட்டா. தலைக்குத் தண்ணி ஊத்தி வீட்டுக்குள்ள அழைச்சாச்சு" என்றார் அம்மா.

ஆக, ஒரே பெண் ஒரே வாரத்தில் புதுச்சேரிக்கு மிகச் சின்னவள், வீட்டுக்கு மிகப் பெரியவள். அவளுக்குச் சரியான வயது எது என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் குரலை உயர்த்துவதில்லை; நடைமுறையைக் கேட்பேன்.

"சடங்கு எப்பங்க?"

"எந்தம்பி மஸ்கட்டுலேருந்து வரணும்ல. லீவு கெடைக்கப் பொங்க கழிஞ்சிடும்."

"அப்ப ஊருக்குச் சொல்லல?"

"மாமன் மால போடாம எப்புடி டீச்சர் சொல்றது? தம்பி பொண்டாட்டிக்கே இன்னும் சொல்லல. அவன்கிட்டேருந்து கடுதாசி வரட்டும்னு இருக்கோம்."

"மாமன் மால போடல, சபைக்குச் சொல்லல. உங்க முறைப்படியே அவ இன்னும் சின்னப் பொண்ணுதானே?"

அவர் காலால் நெல் தள்ளுவதை நிறுத்தினார். நான் விடவில்லை. முகாமுக்குப் போகிறவள் என்று பிரேயரில் அவள் பெயரை வாசித்தாயிற்று. இப்போது நின்றால் ஏன் என்று பள்ளி முழுக்கக் கேட்கும். பதில் நாளைக்கே தம்பி மனைவியின் காதுக்குப் போகும், அதுவும் தெரு வழியாக. முறையாகத் தாம்பூலம் வைத்துச் சொல்ல வேண்டிய செய்தி அப்படிப் போனால் தம்பி என்ன நினைப்பார் என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது. மானம் காப்பாற்றப் பெண்ணை வீட்டில் வைக்கலாம். இந்தத் தடவை அதே மானத்துக்காக அனுப்பியாக வேண்டும்.

"போயிட்டு வரட்டுமே" என்றது கொட்டகை.

அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "மாமன் மால போட்டப்பறம் அவ பெரிய மனுஷி. அப்ப வந்து என்கிட்ட சட்டம் பேசக் கூடாது டீச்சர். தாவணி போட்ட பொண்ணு கவுன மாட்டிக்கிட்டுத் தெருவுல நடக்கக் கூடாது."

என் வாதத்தை எடுத்து என் மேலேயே வைத்துவிட்டார். ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை; நானே வகுத்த விதி அது.

முகாமுக்குப் போனாள், தேறினாள். அழுதால் பொறுப்பில்லை என்ற செயலாளரை விட அவள் ஒரு சாண் உயரம். சான்றிதழ் கொடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

பொங்கல் கழிந்து மாமன் வந்தார். அதற்குள் அவளுக்குப் பதினான்கும் ஆகியிருந்தது. சடங்குக்கு எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மரியாதைக்கு மட்டுமல்ல, நான் தோற்பதை நான் பார்க்க வேண்டும் என்பதற்கும்தான். சீர்த் தட்டுகள் வந்தன. பழம், மஞ்சள், வளையல், பட்டுப்புடவை, வெளிநாட்டு சோப்பு. கடைசித் தட்டில் கருநீலத் துணி. பிரித்துக் காட்டினார்கள்: தைத்த சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு.

பின்வரிசைப் பெண்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மாமன் பெருமையாகச் சொன்னார்: "பாப்பாதான் எழுதிச்சி. இந்தக் கலர்தான் வேணும், அளவு இதுதான்னு. கடை கடையா ஏறி எறங்கிட்டேன்."

அந்த வீட்டில் மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. அம்மா சொல்லச் சொல்ல எழுதுவாள். முகாமில் புதுச் சீருடையைப் பார்த்துவிட்டு வந்தவள், கடைசியில் தன் பங்குக்கும் இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்.

அம்மா என்னைப் பார்த்தார். இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொன்னேன். இன்று வரை அதை அங்கே யாரும் நம்பவில்லை. ஆனால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. தாய்மாமன் சீரில் வந்ததை உடுத்த விடாமல் வைப்பது, தம்பியைப் பந்தலுக்கு வெளியே நிறுத்துவதற்குச் சமம். பெண் மாலையோடு, முறைப்படி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி வரை நிமிரவே இல்லை.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு அதை அணிந்து, கழுத்தில் ஸ்கார்ஃபும் கட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். கடைத்தெருவில் சைக்கிள்கள் நின்றன. பள்ளியிலும் சிலர் முகம் சுளித்தார்கள். இதென்ன வடக்கத்தி வேஷம், தாவணி போட வேண்டிய பெண் இது என்றார்கள்.

சுற்றறிக்கைப்படி சீருடை சரி, மாமன் முறைப்படியும் சரி. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

இதுவரை யாரும் கொடுக்கவில்லை.