இரண்டு சிலிண்டருக்கு ஆளில்லை

இன்று காலை என் பைக்கை விற்க, திகனவில் பழைய பைக் வாங்கி விற்கும் நானாவிடம் போனேன்.

அவர் ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சினை மட்டும் பார்த்தார்.

"ரெண்டு சிலிண்டரா? பெற்றோல் விக்கிற வெலைக்கு இத யாரு தம்பி எடுப்பாங்க? ஒத்த சிலிண்டரா இருந்தா இப்பவே எடுத்திருப்பன்."

"நானா, இத எனக்கு வித்ததே நீங்கதான். என்னையப் பின்னால ஏத்திக்கிட்டு மேட்டுல ஓட்டிக் காட்டினீங்களே! ரெண்டு சிலிண்டருக்கு மார்க்கட் எறங்கவே எறங்காதுன்னு சொன்னீங்க."

அவர் சிரிக்கக்கூட இல்லை.

"அது விக்கக்குள்ள சொல்ற கத தம்பி."

திரும்பி வரும்போது அதே மேட்டில் பைக் கொஞ்சமும் திணறாமல் ஏறியது. அதுதான் இன்னும் எரிச்சல்.

யாருக்காவது வேண்டுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கு மார்க்கட் இறங்கவே இறங்காது.